நாலு ஓட்டை பட்டன்

கறுப்புக்கு வக்கீல் கோட்டு பட்டன்,
வெள்ளைக்கு ஸ்கூல் சட்டை பட்டன்.
மஞ்சக்குப்பத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.
கட்டம் நான் போட்டது:
ஏ-த்ரீ தாள் நாலை ஒட்டி
குறுக்கே பத்தொன்பது கோடு, நெடுக்கே பத்தொன்பது.
ஜெராக்ஸ் கடை முதலாளி
யாருடைய நிலத்துக்கோ புலப்படம் என்று நினைத்தார்.
கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சபூரா அந்த அனிமேவுக்குத்
தமிழில் வரி போடுகிறாள்.
யாரும் கேட்டு அல்ல. காசும் கிடையாது.
அதில் பள்ளிக்கூடப் பையன்கள் முட்டிபோட்டு உட்கார்ந்து
இரண்டு விரல் நுனியில் கல்லெடுத்து
டக்கென்று வைக்கிறார்கள்.
வைத்த மறுநொடி பலகையிலிருந்து
ஒரு புயல் கிளம்பித் தலைமுடியெல்லாம் பறக்கிறது.
எங்கள் பட்டன் டக்கென்று சொல்லாது.
விழுந்து கொஞ்சம் உருளும்.
ஃபேனைப் போட்டால்
ஆட்டமே போச்சு.

ஒரு காயை ஒட்டிக் காலியாகக் கிடக்கும் இடத்துக்கு
லிபர்ட்டி என்று இருந்தது.
மூன்று நாள் யோசித்து
'மூச்சு' என்று போட்டாள்.
நடுவில் இருக்கிற காய்க்கு நாலு மூச்சு.
ஓரத்தில் மூன்று, மூலையில் இரண்டு.
அன்றைக்குத்தான் பட்டனை உற்றுப் பார்த்தேன்.
நாலு ஓட்டை.

சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பினால்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆடுவோம்.
"நம்ம ஊரு நடுவுலயா, ஓரத்துலயா?"
"ஓரம். மூணு மூச்சு."
"கடல்?"
"கடல் பக்கம் எண்ணக் கூடாதுடி."

முப்பத்தோராவது எபிசோடில்
அதுவரை ஜெயித்துக்கொண்டே வந்தவன்
தலைகுனிந்து ஒரே ஒரு சொல் சொல்கிறான்.
அகராதியில் பார்த்தால் அதற்கு
'இல்லை' என்றுதான் அர்த்தமாம்.
அடுத்து வைக்க எனக்கு ஒன்றும் இல்லை.
தோத்துட்டேன் என்று போட்டாள். அழுகிற மாதிரி இருந்தது.
சரணடைகிறேன் என்று போட்டாள். ராஜா வேஷம்.
விட்டுடறேன்? அது பொய்.
எல்லாவற்றையும் அழித்தாள்.
அந்த இடம் மட்டும் ஒரு வாரம்
அவன் வாயசைவோடு சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம்.
மூலையில் என் வெள்ளை, பதினாலு பட்டன்,
எப்படியாவது ஒரு கண் வைத்துவிடலாம் என்று
குனிந்தே கிடந்தேன்.
ஷட்டருக்கு அடியில் ஒருவர் தலை நீட்டி
"ஐந்நூறுக்குச் சில்லறை இருக்குமா?"
நிமிராமலே சொன்னேன்:
"இல்லீங்க."

சபூரா கையில் கறுப்பு பட்டன் அப்படியே நின்றது.
"என்ன சொன்னே?
இன்னொரு தடவை சொல்லு."
லேப்டாப்பைத் திறந்தாள்.
கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை.
கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை
சொல்லித் தேய்ந்த சொல்,
அந்தப் பையன் வாயில் சரியாகப் பொருந்தியது.

நான் தாளைப் பார்த்தேன்.
பதினாலுக்கும் சேர்த்து ஒரே ஒரு மூச்சு.
அதை அடைக்க வேண்டிய கை
விசைகளைத் தட்டிக்கொண்டிருக்கிறது.
அவள் காதில் விழாத அளவுக்கு
நானும் ஒருமுறை சொன்னேன்.

கேட்டது அந்த ஆளுக்குத்தான்.
"சரிம்மா, அதான் ஏற்கெனவே சொல்லிட்டியே" என்று
ஐந்நூறு ரூபாயை மடித்துச்
சட்டைப் பையில் வைத்தார்.
மேல் பட்டன் இல்லாத சட்டை.