ஞாலிப்பூவன்

நீரோடியிலிருந்து விட்ட மூன்றாம் மணிக்கூறில்
ஷிஜின் எங்களுக்கு ஒரு வீடியோ காட்டினான்.
எல்லைக்கல் தாண்டினால் பொழியூர், அவன் ஊர்.
வீடியோவில் கோட்டுப் போட்ட ஒருவர்
மேசைமேல் தட்டொன்றை வைத்து
பூமி இதுதான் என்றார்.
"உருண்டை எண்ணு சொல்லுறது ஒக்கெ கள்ளமாக்கும்."
நான் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.
கேட்டது பாதி, டீசல் சத்தம் பாதி.

அவர் விளிம்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய இடத்தில்
படம் நின்றது. வட்டம் சுற்றியது.
கேபின்மேல் ஏறினான்: ஒரு கோடு சிக்னல்.
இறங்கினான்: போனது.
மறுபடி ஏறினான்.
சுக்கானை விடாமல் கிளீட்டஸ் சொன்னார்:
"டவர் முங்கியாச்சு மக்கா.
இனி மலைதான். அதும் நாளை விடியவரை."

விடிந்தபோது அகத்தியர் மலை
எங்களுக்குப் பின்னால் ஒரு நகம்.
அடிவாரம் இல்லை, காடு இல்லை, தோள் இல்லை.
மேகமும் இல்லை.
நுனி சுத்தமாகத் தெரிந்தது.
அடியைத்தான் காணோம்.

மூன்று மரம் சேர்த்துக் கட்டிப் போன எவனோ,
பேரில்லை அவனுக்கு,
மலையைக் கடல் குடிப்பதைப் பார்த்துப் பதறி
பாதி வலையோடு திரும்பியிருப்பான்.
கரை நெருங்க நெருங்க மலை முளைத்தது.
அடுத்த நாளும் கடல் குடித்தது, அடுத்த நாளும் கக்கியது.
மூன்றாம் நாள் பயம் போய்
அளக்கத் தொடங்கியிருப்பான்:
இடுப்புவரை முங்கினால் இத்தனை பாகம் ஆழம்,
கழுத்துவரை என்றால் இன்ன மீன்.
அதற்குக் கணியம் என்று பேர்.
பூமிக்கு என்ன வடிவம் என்று கேட்டிருந்தால்
முழித்திருப்பான்.
மீன் எங்கே என்று கேட்டிருந்தால்
அந்த வளைவின் மேலேயே விரல் வைத்திருப்பான்.

எங்கள் கரையில் வடக்கு வெள்ளி நாலு விரல் உயரம்.
தெற்கே போகப் போக மூன்றானது, ஒன்றானது.
பன்னிரண்டாம் நாள் காவலுக்கு நின்ற ஷிஜின்
என்னை உலுக்கி எழுப்பினான்.
"அண்ணா, அதையும் காணேல்ல."
டவர் என்று சொல்லிச் சமாளிக்க முடியாது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் தூக்கம் வரவில்லை.
கேபின் வாசலில் ஞாலிப்பூவன் குலை,
களியக்காவிளையில் பச்சையாக வாங்கியது,
பாதி பழுத்து, கயிற்றில் ஆடியது.
ஞாலுதல் என்றால் தொங்குதல்.
ஞாலம் என்றால் உலகம் என்று
பத்தாம் வகுப்பில் எழுதி
அரை மார்க் வாங்கியவன் நான்.
இத்தனை வருடம் ஒன்றையொன்று அறியாமல் கிடந்த
இரண்டு சொல்லும் அன்றைக்குத்தான் முட்டிக்கொண்டன.

தொங்குவது என்று இதற்குப் பேர் வைத்தவன்
எங்கே நின்று பார்த்தான்?
தட்டு தொங்காது. அதற்கு மேசை வேண்டும்.
கயிறு எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை.
அவனுக்கும் தெரிந்திராது,
தெரியாமலே வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

முப்பத்து நாலாம் நாள்
நகம், கழுத்து, தோள்.
கரையில் நிற்பவர்களுக்கு நாங்களும் அப்படித்தான்:
முதலில் கொடி, பிறகு கேபின்,
கடைசியில் கடன்காரர்கள் எண்ணும் தலைகள்.

எல்லார் போனும் ஒன்றாய் அலறின.
ஷிஜினின் வீடியோ
நின்ற இடத்திலிருந்தே தொடங்கியது.
கோட்டுக்காரர் விளிம்பை விளக்கினார்.
மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து
முழுவதையும் பார்த்தான் அவன்.
அழித்தானா, யாருக்காவது அனுப்பினானா, கேட்கவில்லை.
பழம் தீர்ந்து எவ்வளவோ நாளாகியும்
வெட்டிப்போட யாருக்கும் தோன்றாத காம்பு
கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.