கீழ் வரி

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி
ஒரே நேரத்தில் அழுத்தினோம்.
கூலிமில் குணாளன், ஜெலுத்தோங்கில் நான்.
நடுவே பாலம், கொஞ்சம் மழை,
ஸ்பீக்கரில் போட்டு வைத்த கைப்பேசி.

நாலே பாகம்.
படமெடுத்த ஊரில் ஏதோ வேலைநிறுத்தமாம்;
எட்டு வாரக் கதையை நாலுக்குள் திணித்துவிட்டார்கள்.
முதல் பத்து நிமிடத்தில்
கேப்டன் மெர்வின் கப்பலேறி, கலகம் அடக்கி,
ஒரு கண்ணையும் இழந்து
வேறொரு சூரியன் பக்கம் வந்துவிடுகிறார்.
"மூச்சு விட விடமாட்டேங்கிறான்லா" என்கிறான்.
யாரோ "ஏழு ஆண்டுகள்" என்று சொல்ல
அடுத்த காட்சியில் எல்லாருக்கும் நரை,
ரொட்டி மாவு அப்பியதுபோல்.

அன்றைக்கு இவ்வளவு அவசரம் தெரியவில்லை.

ரைஃபிள் ரேஞ்ச் பிளாட், பதினாலாவது மாடி.
ஆ கியாட் வீட்டுக் கம்பிக் கதவுக்கு
இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் டிவி.
அவர் அம்மா சாமிக்கு ஏற்றிய ஊதுவத்திப் புகை
கிரகங்களுக்கு நடுவில் போய்வரும்.
ஆங்கிலம் சுத்தமாகப் புரியாது.
அடியில் வரும் மலாய் எழுத்தோ
கண் வைப்பதற்குள் காணாமல் போகும்.
அதனால் ஓர் ஒப்பந்தம்:
மேல் வரி அவனுக்கு, கீழ் வரி எனக்கு.
அவன் தொடங்குவான், நான் முடிப்பேன்.
அவனுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு.

ஆயாம், ஈக்கான் தாண்டி
எனக்கு அப்போது எழுத்துக்கூட்டத் தெரியாது.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"உடனே கிளம்பியாகணும்" என்று அவன் படிப்பான்.
"ஆனா வெளிய மழை" என்பேன்.
"கப்பலில் காற்று தீர்கிறது" என்பான்.
"அதனால எல்லாரும் மெதுவா பேசுங்க."
திரையில் ஓடிக்கொண்டிருப்பார்கள்.
அவன் தலையாட்டிக்கொள்வான்,
மெதுவாகத்தான் ஓடுகிறார்கள் என்பதுபோல.

இப்போது மூன்றாம் பாகம்.
கிரகம் அழிகிறது.
ஒரு கதவு மூடி முடிவதற்குள் அழிந்தாயிற்று.
மெர்வின் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை;
பார்க்க நேரம் ஒதுக்கவில்லை எடுத்தவர்கள்.
நான் தேநீரை எடுத்தேன், வைத்தேன்.

"நாய் எங்க?" என்கிறான்.

எந்த நாய்?

"தப்பிச்ச நாய். வெள்ளை. ஒரு காது மடிஞ்சது.
பெட்டிக்குள்ள ஒளிஞ்சு கப்பலுக்கு வந்துருமே.
நாலாவதுல மெர்வின் மடியில தூங்குமே.
நீ மறந்துட்டியா?"

நாற்பத்திரண்டு வருடம்
அந்த நாய்க்குச் சோறு போட்டிருக்கிறான்.
தன் மகள் கேவினாஷினிக்கும் சொல்லியிருக்கிறான்,
அண்ணி போன வருடம், அந்த நீண்ட மருத்துவமனை இரவில்.

நாலாம் பாகமும் முடிந்தது.
கேப்டன் மடியில் ஒரு வரைபடம்தான்.
பெயர்ப்பட்டியல்கூட ஓட்டமாய் ஓடி மறைந்தது.

"வெட்டிட்டானுங்க" என்கிறான் குணாளன்.
"நாலுக்குள்ள அடக்கணும்ல, நாயத்தான் வெட்டுவானுங்க."
நான் ஆமாம் என்றேன்.
இல்லை என்றும் ஏதோ தொண்டையில் வந்தது.
மின்விசிறிச் சத்தம், அவன் பக்கமா என் பக்கமா தெரியவில்லை.

"மூணாவது மறுபடி போடு."
ஒன்று, இரண்டு, மூன்று.

கதவு மூடத் தொடங்கும்போது
"நிப்பாட்டு" என்கிறான்.
பாதி மூடிய கதவு, இடுக்கில் ஆரஞ்சு வெளிச்சம்.
இந்தப் படத்துக்கு அடியில் எழுத்தே கிடையாது.
இருந்தும் தொண்டையைச் செருமிக்கொண்டு
அந்த ஒன்பது வயதுக் குரலில் படிக்கிறான்:
"கிரகம் அழிந்தது, யாரும் மிஞ்சவில்லை."

படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறான்.