பதினெட்டாயிரம் ரூபாய் ஜன்னல்

ஆளுக்கு இருபத்தி நாலாயிரத்து அறுநூறுதான் என்று
கொட்டை எழுத்து.
பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
வானத்து நட்சத்திரம் என்றால் அண்ணாந்து பார்க்கலாம்,
விளம்பரத்து நட்சத்திரத்துக்குக் குனிய வேண்டும்.
பதினாறு வருஷமாய் ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி மில்லில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
லோடு வந்து நின்றால்
கிழங்கின் எடையை நம்புவதில்லை,
பாயிண்ட் பார்த்துத்தான் பணம்.
கப்பலுக்கும் பார்த்தேன்:
மாவு குறைவு, தண்ணீர் ஜாஸ்தி.

துறைமுகக் கட்டணம் தனி. வரி தனி.
சிரித்துக்கொண்டே தட்டு வைக்கிறவர்களுக்கு இனாம் தனி,
அதுவும் அவர்களே நிர்ணயித்த இனாம்.
டவுன் ஸ்டேஷனில் ராத்திரி ரயில்,
எழும்பூரில் ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைச் சொல்வார்,
அதற்கொரு ஐந்நூறு.

இவர் எதிரே உட்கார்ந்து
தட்டுவடை செட்டைக் கடித்தபடி
லேத்துப் பட்டறை எண்ணெய் போகாத விரலால்
ஒவ்வொரு வரியாகத் தடவுகிறார்.
வைஃபை, நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம்.
"மூணு நாள் போன் எடுக்காட்டி
நம்மள யாரு தேடப்போறா?"
சைபர் போட்டேன்.
ஒரு ராத்திரி எல்லோரும் வெள்ளை உடையில் வரணுமாம்.
"வேட்டி இருக்கு."
அதற்கும் சைபர்.
பன்னிரண்டு வயதுக்குள் ஒரு குழந்தைக்கு இலவசம்.
விரல் அங்கே கொஞ்சம் நின்றது.
பக்கத்தைத் திருப்பினேன்.
எண்ணெய்க் கறை மட்டும் அந்த வரியில்,
எந்தத் தொகையிலும் சேராமல்.

பிறகு ஜன்னல்.
ஜன்னல் உள்ள அறைக்கும் இல்லாத அறைக்கும் நடுவே
பதினெட்டாயிரம்.
"தூங்கத்தானே போறோம்,
கண்ண மூடினா எல்லா ரூமும் ஒண்ணுதான்" என்றார்.
மில்லில் என் மேஜைக்கு முன்னால் சுவர்,
சுவரில் காலண்டர்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மாதம் கிழித்திருக்கிறேன்.
அதைச் சொல்லவில்லை.
"கடலுக்குப் போயும் சுவரையா?" என்று மட்டும் கேட்டேன்.

கப்பலில் தலை சுற்றுமோ என்று இவருக்கு ஒரு பயம்.
ஒத்திகை பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு பஸ் ஏறினோம்.
டிக்கெட்டைக் கப்பல் செலவில்தான் எழுதினேன்.
ஏழாவது கொண்டை ஊசி வரை அலையைப் பற்றிப் பேசினார்.
பதினொன்றில் பேச்சு நின்றது.
பதினாலில் கண்டக்டர் கேட்காமலே
ஒரு கவரை நீட்டினார்.
மேலே ஏரியில் மிதிபடகு, அரை மணி நேரம்.
தண்ணீர் அசையவில்லை, நாங்கள்தான் அசைந்தோம்.
"பாத்தியா, இதுல ஒண்ணும் வரல."
மாத்திரை இரண்டு அட்டை, நாற்பத்தாறு ரூபாய்.

இறங்கும்போது ஜன்னல் சீட்டு இவருக்கு.
வாய்கொள்ளாத காற்றோடு
பத்தாவது வளைவில் தலையை உள்ளே இழுத்து
"அந்த ஜன்னல் ரூமையே போட்டுரு" என்றார்.
கப்பல் ஜன்னல் திறக்காது
என்று நட்சத்திரத்துக்குக் கீழே படித்திருந்தேன்.
வாயைத் திறக்கவில்லை நானும்.

பத்தாம் தேதி சீட்டு ஏலம்,
செவ்வாய்ப்பேட்டை, பூங்காவனம் அக்கா வீட்டு மாடி.
லட்ச ரூபாய்ச் சீட்டு, பதினோராம் மாதம்.
பத்தாயிரம் தள்ளிலிருந்து ஏறி ஏறி
கடைசியில் நானும் வெல்டிங் கடை அய்யண்ணனும்.
அவன் பதினேழு என்றான்.
எனக்குப் பதினெட்டு நாக்கு நுனி வரை வந்தது.
சொன்னால் சீட்டு எனக்கு.
கைக்கு எண்பத்திரண்டு வரும்,
கூட்டிக் கழித்தால்
ஜன்னல் இல்லாத அறை.
ஒரு தரம். ரெண்டு தரம்.
பூங்காவனம் அக்கா என் முகத்தையே பார்த்தார்.
நான் என் நோட்டைப் பார்த்தேன்.

மகள் ஹாஸ்டலுக்கு என்று அய்யண்ணன் கையெழுத்துப் போட்டான்.
வீட்டுக்கு வந்து
மாசியை அடித்துப் பங்குனி என்று எழுதினேன்.
"அடுத்த தடவ தள்ளு குறையும்" என்றேன்.
"கப்பல் எங்க போயிரப் போவுது,
சுத்திட்டு அங்கயேதான வந்து நிக்கும்"
என்றார் இவர்,
மாத்திரை அட்டையை விளக்கில் திருப்பிப் பிடித்து
காலாவதி தேதியைத் தேடியபடி.
ஒன்றரை வருஷம் இருக்கிறது.