உறவுமுறை

உரிமையாளர் என்ற இடத்தில்
சத்தியகலா என்று எழுதினேன்.
உறவுமுறை என்ற இடத்தில் பேனை நின்றது.
"அத உடுங்க, அது மனிசர்ட ஃபோம்.
கடைக்காரன் மாத்தி அடிச்சிட்டான்"
என்றா கிண்ணியாவிலிருந்து வரும் டொக்டர் ரிஃப்கா.
நான் விடவில்லை.
'ஒரே வீடு' என்று எழுதினேன்.

ராங்கிக்கு ஒன்பது வயது.
நாலு நாளாய்த் தண்ணீர், தண்ணீர்,
வாளியின் அடி தெரியும்வரை.
வாலுக்குக் கீழே சீழ்.
உப்புவெளியிலிருந்து ஓட்டோவில்
என் மடியில் கொதித்துக்கொண்டே வந்தாள்.
கன்னியாவின் ஏழு கிணற்றில்
இது எந்தக் கிணற்றின் சூடு என்று
கை பாட்டுக்குத் தேடிக்கொண்டிருந்தது.

கருப்பை பழுத்துவிட்டதாம்.
இன்றைக்கே எடுக்கவேணுமாம்.
வாசலில் மான் ஒன்று
சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அறிவித்தலைத்
திகதி வரைக்கும் தின்று முடித்திருந்தது.

வெட்டிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது.
"அக்கா, ஃபோனில ரோச் இருக்கா? உள்ள வாங்கோ"
என்று நிரோஷன் கதவைத் திறந்தான்.
இருந்தது. பதினேழு வீதம்.

நான் பிடித்த வெளிச்சத்தில்
ராங்கியின் உள்பக்கம்.
நாவற்பழத் தோல் நிறத்தில் மண்ணீரல்.
பிறகு அது வந்தது,
வள்ளத்திலிருந்து இழுத்துப் போட்ட
இரண்டு பெரிய கணவாய் போல
வழுக்கி வழுக்கி.
டொக்டர் கட்டினா, இன்னொருக்கால் கட்டினா,
வெட்டினா.
தட்டில் விழுந்தபோது
பிழியாத துணியின் சத்தம்.

என்னுடையதை நான் பார்க்கவில்லை.
பெரியாஸ்பத்திரி, ஆறாம் வார்ட், போன பங்குனி.
ஃபோமில் இவர்தான் கையெழுத்து வைத்தார்.
உறவுமுறை: கணவன்.
மயக்கம் தெளிந்து, எடுத்தது எங்கே என்று கேட்டேன்.
"அதெல்லாம் எரிச்சாச்சு" என்று
நேர்ஸ் மணிக்கூட்டைப் பார்த்தா.
இவர் பக்கத்தில் இருந்து
தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்,
தோல் அறாமல், ஒரே சுருளாய்.
அதில் இவருக்கு எப்பவும் ஒரு பெருமை.

"ஆட்டாதீங்க" என்றா டொக்டர்.
நான் ஆட்டவில்லை.
வெளிச்சம்தான் ஆடியது.
ஆறு வீதம். மூன்று.

கடைசித் தையலில் கரண்ட் வந்தது.
ஃபான் முனகிச் சுற்றத் தொடங்க
நிரோஷன் தட்டைத் தூக்கினான்:
"எறியட்டா?"
கொஞ்சம் இருங்கோ, என்றேன்.
குனிந்து பார்த்தேன்.
கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டும் பார்த்தேன்.
என்ன நிறை இருக்கும் என்று கேட்டதற்கு
அவன் சிரிக்கவில்லை, நல்ல பெடியன்,
பூனைக்குட்டிகளை நிறுக்கிற தராசில் வைத்தான்.

திரும்பி வருகையில் ராங்கி
வெளியே கிடந்த நாக்கைக்
கொஞ்சம் கொஞ்சமாய் உள்ளே எடுத்தாள்.
கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு.
அதன் விளிம்பு என் வயிற்றில்,
பழைய தையல் இருக்கிற இடத்தில்,
ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடித்தது.
நான் அவளை நகர்த்தவில்லை.

ஃபோன் ஏன் செத்துக் கிடந்தது,
எத்தனை தரம் எடுத்தேன் தெரியுமா
என்று இரவு இவர் கேட்டார்.

ஒரு கிலோ நூற்றி நாற்பது,
என்றேன்.