0.50

தடைக்காலம் முடியப் பதினொரு நாள்.
முதுநகர்த் துறையில் படகுகள் தோளுரசி நிற்க,
ஷெட்டுக்குள் நாலு பிஸ்டனும்
ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறின.

மூன்றாவது மட்டும் இளகவில்லை.
தலையில் தார் ரோடு மாதிரி ஒரு பொருக்கு.
ஸ்க்ரூடிரைவரால் தொட மாட்டேன்.
அலுமினியம் சொரணையுள்ளது, கீறினால் மறக்காது.
மூங்கில் சிம்பு, பித்தளை பிரஷ்,
காடிக்குள் விட்டுச் சுரண்ட
உடைந்த பழைய ரிங்கின் நுனி.

தேசிங்கு சாக்கில் உட்கார்ந்து
டீயை ஆற்றியபடி சொல்கிறார்:
"பிரிக்காத இஞ்சின் மேஸ்திரி.
தேங்காய்த்திட்டுல மச்சான் கூடவே நின்னு
வாங்கிக் குடுத்தது.
கமிஷன்கூட வேணாம்னுட்டான்."

செதில் செதிலாக உதிர்கிறது.
ஊசி சொட்டிய டீசல்,
வலை இழுக்கையில் முக்கிய முக்கல்,
கரையோரம் சும்மா ஓடிய மணிக்கணக்கு
எல்லாம் சேர்ந்து
ஒரு மில்லிமீட்டர் கறுப்பு.

அதற்கு அடியில்
ஆணி முனையால் குத்தினதுபோல் ஓர் எண்.
0.50

ஓவர்சைஸ் பிஸ்டன்.
ஏற்கெனவே கடைந்த சிலிண்டர்.

துணியை நனைத்து ஒருதரம் துடைத்தேன்.
அழியவில்லை.
அழிகிற சங்கதியா அது.

வெளியே யாரோ படகுக்கு நீலம் அடிக்கிற வாசனை.
கிண்ணம் நிறையக் கரி.
கொட்டப் போனவன் நின்றுவிட்டேன்.
இதை யார் முகத்தில் பூச?

"என்னா, புதுசாட்டம் ஆயிடுச்சா?"
என்கிறார் தேசிங்கு,
டம்ளரின் அடியில் தங்கிய சர்க்கரையைச் சுழற்றிக்கொண்டு.

பிஸ்டனை எண் தெரியாமல் கவிழ்த்து வைத்தேன்.
பிறகு
நிமிர்த்தி வைத்தேன்.