மூன்று நொடி

வெருலத்தில் இன்று எட்டு மணிக்கு மின்வெட்டு.
இப்போது ஏழரை.

கரும்பாலை எடைமேடையின் பழைய கணினி
என் கராஜில் செத்துக் கிடக்கிறது;
விசைப்பலகைக்கு அடியில் இன்னும் எறும்பு.
அதன் நிரல் மட்டும்
என் மடிக்கணினியில், எமுலேட்டருக்குள் ஓடுகிறது.
ஓடுகிறது என்றால்,
நாலாவது லாரியில் நின்றுவிடும்.

ஆறு வாரம் தேடினேன்.
நிரலில் கோளாறில்லை.
எங்கள் கடிகாரம்தான் மிகச் சரியாக ஓடுகிறது.
பழையது மணிக்கு மூன்று நொடி பிந்தும்.
எழுதியவன் அது தெரிந்தே
அந்தப் பிந்தலுக்குக் காத்திருக்கிறான்.

ஒரே ஒரு வரி சேர்த்தேன்: பிந்து.

தாலினிலிருந்து மார்ட் கேட்டான்,
"நல்ல கடிகாரத்தைக் கெடுப்பானேன், பிரனீஷா?
ஆதாரம் இருக்கிறதா?"
இயந்திரத்துக்கு உயிர் இருந்தபோது
அளந்து குறித்த தாள்களைப் படமெடுத்து அனுப்பினேன்,
காபிக் கறையோடு.

பதில் வருமுன் இருட்டு.
ரவுட்டர் போயிற்று, தெரு போயிற்று.
மேசைமேல் திரை மட்டும், பாட்டரியில்.

நாலாவது லாரி தாண்டியது.
ஐந்தாவது: பதினெட்டு டன் நானூறு.
யார் யார் தேநீரிலோ
எப்போதோ கரைந்துவிட்ட கரும்பை
பச்சை எழுத்தில் நிறுத்துக்கொண்டிருக்கிறது.

டார்ச் எங்கே என்று கத்துகிறான் யுகன்.
இரு,
ஆறாவது வருகிறது.