பாடம் பதினொன்று: மிஷ்

பக்கம் நாற்பத்தேழில் கோடிட்ட இடங்கள் இருபது.
நிரப்பினால் நிரம்பும். வேறொன்றும் நடக்காது.
புத்தகத்தை மூடச் சொன்னேன்.

மெர்சின் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்
ஜன்னலில் தெரியும் மாலை வகுப்பு.
பாதிப் பேரை வராந்தாவில் நிறுத்திவிட்டு
மீதிப் பேர் பார்க்க
இடை சிறுத்த தேநீர்க் குவளை ஒன்றைக்
கையிலிருந்து நழுவ விட்டேன்.
(குவளை என் சொந்தக் காசு.
அலுவலகத்தில் கேட்டால் மூன்று படிவம்.)

வெளியே நின்றவர்கள் ஓடி வந்தார்கள்.
தரையெல்லாம் சில்லு, என் செருப்பில் தேநீர்.
என்ன ஆயிற்று?
"உடைந்தது," என்றார்கள் பார்த்தவர்கள்,
கண்டதைச் சொல்லும் 'தி' போட்டு.
பார்க்காதவர்களுக்கு வாய் திறந்தது, சொல் வரவில்லை.
அந்த ஒரு கணத்துக்காகத்தான் குவளை.
பசித்தவன் தட்டில் ரொட்டி வைப்பதுபோல்
அங்கே வைத்தேன் மிஷ்ஷை:
உடைந்திருக்கிறது போல. உடைந்ததாம்.
என் மொழியில் கடந்த காலம் இரண்டு;
இது, கண் கையெழுத்துப் போடாதது.

பிறகு வதந்தி நேரம்.
யாரையும் அழவைக்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி.
முட்டைக்கோஸைப் பார்த்தால் பர்வானா ஓடிவிடுவாளாம்.
ஒலெஸ்யாவின் பூனைக்கு
அவளைவிட நன்றாகத் துருக்கி புரியுமாம்.
நெவின் டீச்சரின் தலைமுடி சாயமாம்.
"சாயம்தான்," என்றேன்.
சிரிப்பில் யாரும் விகுதியை எண்ணவில்லை.
மேசைக்கடியில் விரல்விட்டு நான் எண்ணினேன்:
முப்பத்துநான்கு, அதில் பிழை ஒன்பது,
ஒன்பதும் அப்திரிசாக்.
மிஷ் வரும் இடமெல்லாம் அவனுக்கு முஷ்தான்.

நவ்வாஃப் பிழை விடமாட்டான்.
தையற்காரன்;
நோட்டில் ஓரக்கோடுகூடத் தையல் மாதிரி நேராக ஓடும்.
"எங்கள் கடைமேல் மாடி இறங்கியதாம்," என்றான்.
"உள்ளே என் மச்சான் இருந்தானாம்."
விகுதி சரி. உயிரெழுத்தும் சரி.
"யார் சொன்னார்கள்?" என்று கேட்டேன்,
பழக்கதோஷம், எல்லோரிடமும் கேட்ட கேள்வி.
"யாரும் சொல்லவில்லை.
எதிர்வரிசையில் ரொட்டி வாங்கிக்கொண்டு நின்றேன்."
"அப்படியென்றால் 'தி'..."
"தெரியும், டீச்சர்."

பேசும்போது குறுக்கே திருத்தாதே,
குறித்துக்கொள், கடைசியில் பெயர் சொல்லாமல்
பலகையில் போடு என்பது பயிற்சியில் படித்தது.
குறித்துக்கொண்டேன்.
பலகையில் போடும் நேரம் வந்தபோது
முட்டைக்கோஸைப் போட்டேன்.

வீட்டுக்குப் போகும் சிற்றுந்துக்குப் பெயரே டோல்முஷ்.
நிரம்பியதாம்!
(அது வேறு மிஷ் என்பார்கள் இலக்கணக்காரர்கள்.
எட்டரை மணிக்கு அதில் தொங்கிப் பார்க்கட்டும்.)
சந்தை நிறுத்தத்தில் ஓர் இடம் கிடைத்தது, உட்கார்ந்தேன்.

யாரோ தோளைத் தட்டினார்கள்.
அப்திரிசாக்.
"என் நிறுத்தம் வந்துவிட்டதா?"
"போய்விட்டது. இரண்டு நிறுத்தம் முன்னால்."
"ஐயோ, தூங்கியிருக்கிறேன் போல."
அவன் புருவத்தைச் சுருக்கினான்.
திருத்துகிறவனின் முகம், எனக்குத் தெரிந்த முகம்.
"தூங்கினீர்கள், டீச்சர்," என்றான்,
'தி'யை அழுத்தி.
"நான் பார்த்தேன்.
வாய்கூடத் திறந்திருந்தது."